பட்டியலில் இல்லாத சிஸ்டம்

"நம்ம கம்பெனியில மொத்தம் எத்தனை சிஸ்டம் ஓடுது?" என்று எம்டி கேட்டால் நாலு இடத்திலிருந்து நாலு கணக்கு வரும். அக்கவுண்ட்ஸில் சொத்துப் பதிவேட்டை எடுப்பார்கள். எப்போதோ காயலான் கடைக்குப் போன சிபியு அதில் இன்னும் வருடா வருடம் தேய்மானம் கழிந்துகொண்டிருக்கும். ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்தால், வேலையை விட்டுப் போனவர்களின் லேப்டாப் பெயரெல்லாம் அப்படியே இருக்கும். ஆண்டிவைரஸ் கன்சோலில், ஃபார்மட் அடித்துத் திரும்பப் போட்ட மெஷின் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும். டிஹெச்சிபி சர்வரைக் கேட்டால் சிசிடிவி ரெக்கார்டர், விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின், மீட்டிங் ஹால் டிவி எல்லாமே ஆஜர்.

கோவைப் பக்கத்து ஆலைகளில் ஐடி பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு முதல் வேலை இந்த நாலு கணக்கையும் ஒன்றுக்கொன்று நேர் செய்வதுதான். பேட்ச், மானிட்டரிங், டாஷ்போர்டு எல்லாம் அதற்குப் பிறகு. சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். டெமோவில் பெரிய பச்சை வட்டத்தைக் காட்டுவார்கள். "98 சதவீதம் பேட்ச் ஆயிடுச்சு சார்." எதில் 98? ஏஜென்ட் போட்ட மெஷின்களில். ஏஜென்ட் இல்லாத மெஷின் அந்த வட்டத்துக்குள்ளேயே வராது. நமக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

எந்த டூல் வாங்கினாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு நெடுவரிசையை: இந்த மெஷின் கடைசியாக எப்போது பேசியது? அதை வைத்து, பழையது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு மாதமாக வாயே திறக்காத மெஷின் டாஷ்போர்டில் எந்தச் சிவப்பும் காட்டாமல் இருக்கும், ஏனென்றால் அதைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டியதே அதுதான். அது ஸ்டோர் ரூமில் தூங்கலாம். சேல்ஸ்காரர் வீட்டில், அவர் பிள்ளை கேம் விளையாடுகிற மெஷினாக மாறியிருக்கலாம். யாரோ ஏஜென்ட் சர்வீஸை நிறுத்தியிருக்கலாம். மூன்றுமே பார்வைக்கு ஒன்றுதான்.

ஆக்டிவ் டைரக்டரியில் இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைசி லாகின் என்று அங்கே தெரிகிற தேதி எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் பரவுகிற வகையைச் சேர்ந்தது என்றால், அது வழக்கமான அமைப்பில் 14 நாள் வரை பின்தங்கியிருக்கும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நேற்று வேலை செய்த மெஷினுக்கும் போன வாரத் தேதி காட்டும். அதை நம்பி அவசரப்பட்டு டெலிட் பண்ணக் கூடாது. 90 நாள் சத்தமில்லை என்றால் முதலில் டிசேபிள். யாராவது கத்துகிறார்களா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் நீக்கலாம்.

அப்படி நேர் செய்யும்போது ஆலை கேட்டில் ஒரு மெஷின் அகப்பட்டது. எடை மேடை அறை. லாரி ஏறினால் எடை காட்டுகிற சிவப்பு எண் பெட்டி, அதிலிருந்து ஒன்பது முள் சீரியல் கேபிள் ஒரு பழைய சிபியுவுக்கு, பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். விண்டோஸ் 7. டொமைனில் இல்லை, ஆண்டிவைரஸ் இல்லை, எங்கள் பட்டியல் எதிலும் இல்லை. அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கேஸைத் திறந்தால் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சுத் தூசி. மதர்போர்டில் இருக்கிற காசு சைஸ் பேட்டரி செத்துப் போயிருந்ததால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிப்டிலும் கையால் தேதியைத் திருத்தி, அப்புறம்தான் சீட்டு அடிப்பார். அவருக்கு அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

"ஏனுங்க சார், ஓடறதை எதுக்குங்க நோண்டறீங்க? வெளிய ஆறு லோடு நிக்குதுங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. புது மெஷின்களில் பெரும்பாலும் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டால் போர்ட் நம்பர் மாறி எடை வராமல் நிற்கும். எடை சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். அதனால் அங்கே நாங்கள் செய்தது சின்ன வேலைகள்தான். பேட்டரி மாற்றினோம். ஹார்டு டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம். அந்த மெஷினைத் தனி விலான் ஒன்றில் ஒதுக்கி, இன்டர்நெட்டையும் மற்ற சிஸ்டங்களையும் தொட முடியாதபடி அடைத்தோம். முக்கியமாக, பட்டியலில் ஏற்றினோம். பேட்ச் போட முடியாத மெஷினாக இருந்தாலும் அது இருப்பது நமக்குத் தெரிந்தால் சுற்றி வேலியாவது போடலாம்.

தேதி சமாச்சாரத்தை அற்பமாக நினைக்காதீர்கள். டொமைனில் உள்ள விண்டோஸ் மெஷினின் கடிகாரம் டொமைன் கன்ட்ரோலரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினாலே லாகின் தகராறு வரும். பாஸ்வேர்டு சரி, நெட்வொர்க் சரி, உள்ளே மட்டும் விடாது. சட்டப்படியும் இதற்குக் கட்டாயம் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும்; லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; உத்தரவில் சொன்ன வகைத் தாக்குதல் நடந்தால் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பாதி பேர் இந்த உத்தரவை ஐடி கம்பெனிகளுக்கானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூல் மில்லுக்கும் பொருந்தும். ஃபயர்வால் ஒரு நேரம், சர்வர் ஒரு நேரம், கிளையன்ட் ஒரு நேரம் காட்டினால் எது முதலில் நடந்தது என்று கோக்க முடியாது. அந்த 6 மணி நேரத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

பழைய மெஷின்தான் ஆபத்து என்ற பேச்சிலும் ஒரு திருத்தம் உண்டு. 2017 மே 12-ல் வானாக்ரை ரான்சம்வேர் உலகத்தைச் சுற்றியபோது இங்கிலாந்தின் என்ஹெச்எஸ் மருத்துவமனைகள் திணறின. எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி-யைத் திட்டினார்கள். பின்னால் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாமல் விட்டதுதான் காரணம். போடாததற்கும் காரணம் இருந்திருக்கும். ஸ்கேன் மெஷின் நின்றுவிடுமோ என்று ஒருவர் பயந்திருப்பார். எங்கள் எடை மேடை ஆபரேட்டரின் அதே பயம்தான்.

அந்தப் பயத்தை வெறும் உத்தரவு போட்டு அடக்க முடியாது. அதற்குத்தான் அலை அலையாகப் பேட்ச் போடுவது. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பேட்ச் வெளியிடுகிறது. நம் கடிகாரத்தில் அது செவ்வாய் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே நமக்குப் புதன்கிழமைதான் பேட்ச் நாள். புதனன்று முதல் அலை, ஒரு வாரம் பொறுத்து இரண்டாவது, அப்புறம் மீதி, சர்வர்கள் கடைசியில் ஞாயிறு இரவு. இது எல்லோரும் செய்வது. முதல் அலையில் யாரை வைப்பது என்பதில்தான் சூட்சுமம். பல இடங்களில் ஐடி ஆட்களின் மெஷினை மட்டும் வைப்பார்கள். எங்கள் மெஷினில் என்ன இருக்கிறது? பிரவுசரும் ரிமோட் டெஸ்க்டாப்பும். எது போட்டாலும் ஓடும். முதல் அலையில் இருக்க வேண்டியது அக்கவுண்ட்ஸில் டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் போட்ட ஒரு மெஷின், டிஸ்பாட்சில் பார்கோடு அடிக்கிற ஒரு மெஷின், லேபில் ஒன்று.

பார்கோடு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021 ஜூலையில் பிரின்ட் ஸ்பூலர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் விட்ட சமயம் நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து அப்டேட்களால் யுஎஸ்பி-யில் இணைத்த ரசீது பிரின்டர்களும் லேபிள் பிரின்டர்களும் பல இடங்களில் படுத்துவிட்டன. ஆபீஸ் லேசர் பிரின்டர் நன்றாக ஓடும். நூல் கோன் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் வராது. லேபிள் இல்லாமல் பெட்டி கேட்டைத் தாண்டாது. ஐடி ரூமில் மட்டும் சோதித்தவர்களுக்கு அது டிஸ்பாட்ச் சூப்பர்வைசரின் போன் வழியாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, இவ்வளவு ஒழுங்காக அலை பிரித்து வைத்தவர்களையும் 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை கவிழ்த்தது. நம் நேரப்படி காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் மெஷின்களுக்கு ஒரு கோப்பை அனுப்பியது. வேலை தொடங்கி லாகின் பண்ணுகிற நேரம். நீலத் திரை. ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை. 10:57-க்கெல்லாம் அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்திருந்தன. உலகத்தில் உள்ள விண்டோஸ் மெஷின்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதற்கே விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

பல வாடிக்கையாளர்கள் மெஷினில் ஓடுகிற அதன் சென்சார் சாஃப்ட்வேரை வேண்டுமென்றே ஒரு வெர்ஷன் பின்னால்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அன்று வந்தது புதிய சென்சார் இல்லை. அச்சுறுத்தல்களை அடையாளம் காண உதவும் தகவல் கோப்பு. அதற்கு அந்தப் பின்தங்கல் விதி பொருந்தாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. சம்பவத்துக்குப் பிறகுதான் அதையும் அலை அலையாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. ஆகவே உங்கள் மெஷின்களில் உங்களைக் கேட்காமல் தன்னைத் தானே மாற்றிக்கொள்கிறவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரவுசர், ஆண்டிவைரஸ், டிரைவர், மீட்டிங் ஆப்... நீங்கள் நிர்வகிப்பதாக நினைப்பதை விட அந்தத் தாள் நீளமாக இருக்கும்.

அன்றைய வைத்தியமும் எளிமைதான். சேஃப் மோடில் போய் 291 என்ற எண் கொண்ட கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் ஆள் நேரில் போய்ச் செய்ய வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி எங்கே? ஆக்டிவ் டைரக்டரியில். அதை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் எங்கே? அதுவும் நீலத் திரையில். அன்று மாட்டாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது: குறைந்தபட்சம் சர்வர்களின் மீட்புச் சாவிகளைக் காகிதத்தில் அடித்து பீரோவில் பூட்டி வையுங்கள். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும்.

டொமைன் கன்ட்ரோலர் என்றதும் மேர்ஸ்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜூன் 27. உக்ரைனில் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற மால்வேர் நுழைந்தது. அப்போது உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மேர்ஸ்க் படுத்துவிட்டது. உலகம் முழுக்க ஏறத்தாழ 150 டொமைன் கன்ட்ரோலர்கள்; ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நம்பித் தனி பேக்கப் வைக்கவில்லை. எல்லாம் ஒரே அடியில் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா ஆபீஸில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட். சர்வர் ஆஃப்! அதிலிருந்த தரவை நெட்டில் அனுப்பலாமென்றால் லைன் வேகம் போதவில்லை. அங்கிருந்து யாராவது மீட்பு வேலை நடந்த பிரிட்டனுக்கு எடுத்துப் போகலாமென்றால் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கை மாற்றினார். பிறகு 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 பிசிக்களையும் புதிதாக நிறுவினார்கள் என்று அந்நிறுவனத்தின் தலைவரே 2018-ல் டாவோஸில் சொன்னார்.

கரண்ட் போனதற்கு நன்றி சொன்ன ஒரே ஐடி டீம் அதுவாகத்தான் இருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் ஊர் சர்வர் ரூமில் யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஒரே மாதிரி நகல் பல இடத்தில் இருப்பது பேக்கப் ஆகாது. தவறும் அதே வேகத்தில் நகல் ஆகும். ஒரு பிரதி எப்போதும் கேபிள் கழற்றிய நிலையில் இருக்க வேண்டும். "பேக்கப் வெற்றி" என்று தினமும் வருகிற மெயிலையும் நான் நம்புவதில்லை, அளவைத்தான் பார்ப்பேன். நேற்று 40 ஜிபி, இன்று 2 ஜிபி என்றால் வெற்றிகரமாக எதையோ விட்டுவிட்டது என்று அர்த்தம்.

மெயில் என்றதும் அலர்ட். ஒரு மானிட்டரிங் டூலை நிறுவியதும் எல்லா டிக் பாக்ஸையும் போட்டுவிட ஆசை வரும். டோனர் குறைவு, சிபியு 90 சதவீதம், மெமரி, ஸ்விட்ச் போர்ட் மேலே கீழே... முதல் வாரம் எல்லோரும் படிப்பார்கள். இரண்டாவது வாரம் அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு அத்தனையையும் ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள். உண்மையான டிஸ்க் அலர்ட்டும் அந்த ஃபோல்டரிலேயே செத்துக் கிடக்கும். என் கட்சி கொஞ்சம் கடுமையானது: வந்தால் யாரும் எழுந்து போய் எதுவும் செய்யாத அலர்ட்டை அழித்துவிட வேண்டும். டிஸ்க் 90 சதவீதம் என்பதை விட, இந்த வேகத்தில் போனால் எத்தனை நாளில் நிரம்பும் என்பது பயனுள்ள கேள்வி. பத்து டிபி டிஸ்க்கில் பத்து சதவீதம் என்றால் இன்னும் ஒரு டிபி இருக்கிறது. 40 ஜிபி லினக்ஸ் பார்ட்டிஷனில் அது ஒரு ராத்திரிக்குக் காணாது. ஜாபிக்ஸ், புரோமிதியஸ் ஆகிய மானிட்டரிங் டூல்கள் இரண்டிலும் அப்படி முன்கணிக்கிற வசதி உண்டு.

லினக்ஸ் சர்வரில் இன்னொரு வேடிக்கை. டிஸ்க் நிரம்பியது என்று பெரிய லாக் கோப்பை அழிப்பார்கள், இடம் வராது. அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் விடும் வரை இடம் திரும்பாது, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் வரும். சில சமயம் இடம் நிறைய இருக்கும், ஆனால் புதுக் கோப்பு எழுத முடியாது; குட்டிக் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடுகள் தீர்ந்திருக்கும். டிஸ்க் கிராஃப் பச்சையாகவே காட்டும். ஐநோடையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும்.

விண்டோஸில் எனக்குப் பிடித்த ஒரு தடயம் இருக்கிறது. ஈவென்ட் லாக்கில் 41 என்ற எண் வந்தால், மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகாமல் திடீரென்று நின்றிருக்கிறது. தனியாக ஒரு மெஷினில் என்றால் அதன் பவர் சப்ளையையோ ரேமையோ சந்தேகிக்கலாம். ஒரே வரிசையில் இருக்கிற பல மெஷின்களில் ஒரே நிமிடத்தில் வந்தால்? கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி போயிருக்கிறது. லாக்குகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால்தான் இது கண்ணில் படும். மெஷின் மெஷினாகப் பார்த்தால் ஏழு பேர் ஏழு புகார் கொடுப்பார்கள், நாமும் ஏழு தடவை விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்போம்.

மானிட்டரிங் சர்வரே விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். ஒரு அலர்ட்டும் வராது. ரொம்ப நிம்மதியான வாரமாக இருக்கும். வெளியே வேறு ஓர் இடத்திலிருந்து அதைப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். தினமும் காலையில் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு செய்தி, அது வராவிட்டால் ஒரு போன் என்ற அளவிலாவது.

எந்த டூல் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சலிப்பூட்டும்: கையில் இருப்பதை முழுசாகப் பயன்படுத்துங்கள். குரூப் பாலிசியும் ஆன்சிபிளும் ஒழுங்காகத் தெரிந்தால் பாதி தூரம் போய்விடலாம். சென்னையின் மேனேஜ்எஞ்சின் இந்தத் துறையில் உலக அளவில் புழங்குகிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேரோடு தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ; மேனேஜ்எஞ்சின் அதன் பிரிவு. எதை வாங்கினாலும் முதல் மாதம் ஏஜென்ட் போடாத மெஷினைத் தேடுவதிலேயே போகும் என்று முன்கூட்டியே எம்டியிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது எல்லோர் தலையிலும் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஆலைகளில் அதற்குக் கீழே இருப்பவை ஏராளம், அதில் பாதி நன்றாகவே ஓடுகின்றன. காசு கொடுத்து பேட்ச் வாங்கலாம்: மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், இரண்டாம் வருடம் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதிலும் இரட்டிப்பு. கூட்டினால் 427 டாலர். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம். எனவே ஒரு வருடம் மட்டும் வாங்கி, அதற்குள் மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. லினக்ஸ் பக்கமும் நிம்மதி கிடையாது. 2029 வரை வரும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 போட்டவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் திடீர் அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 7-ம் 2024 ஜூன் 30-ல் முடிந்தது. அல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாறாமல் இன்னும் அதிலேயே ஓடுகிற ஈஆர்பி சர்வர்கள் எத்தனையோ.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி எம்டியிடம் கொடுத்தேன். மெஷின் பெயர், இயங்குதளம், ஆதரவு முடியும் தேதி, மாற்றும் செலவு. அவர் கீழே இருந்த கூட்டுத்தொகையைக்கூடப் பார்க்கவில்லை. "இதுல எது நின்னா உற்பத்தி நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் வைத்திருக்கும் எந்த டூலிலும் அதற்கு நெடுவரிசை கிடையாது. எந்த ஏஜென்டும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது; ஒவ்வொரு டிபார்ட்மென்டாகப் போய் ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். ஸ்டோர்ஸும் அக்கவுண்ட்ஸும் முடிந்துவிட்டன. லேபில் கேட்டால் நாளைக்கு வாங்க என்கிறார்கள்.